கருக்குவதும் கருகுவதும்

தீயால் படம் போடுகிற ஒரு கைவேலையைப் பற்றி விமரிசனம் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். எந்தக் கலையிலும் தேர்ந்தவனுடைய வேலையைவிடப் புதிதாகக் கற்கிறவனுடைய வேலையில்தான் அந்தக் கலையின் சட்டதிட்டங்கள் பளிச்சென்று தெரிகின்றன. தேர்ந்தவன் அவற்றை மறைத்துவிடுகிறான்.

காய்ச்சிய உலோக முனையால் மரத்தைக் கருக்கிப் படம் தீட்டுவதைப் பைரோகிராபி என்கிறார்கள். தீயெழுத்து என்பது அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருள். பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. வேலை அதைவிடப் பழசு. இங்கிலாந்தில் கணப்படுப்பைக் கிளறுகிற கம்பியைக்கொண்டே செய்ததால் போக்கர் வொர்க் என்றும் ஒரு பெயர் உண்டு. நம் நாட்டில் பஸ்தர் பழங்குடிகள் காய்ந்த சுரைக்குடுக்கையின்மேல் காய்ச்சிய கத்தியால் சித்திரம் போடுகிறார்கள். புல்லாங்குழல் செய்கிறவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூங்கிலில் துளை சுடுகிறார். அவருக்கு அலங்காரம் நோக்கமல்ல. ஆனால் கம்பியை எப்போது எடுப்பது என்பதில்தான் அவருடைய வித்தையும் இருக்கிறது.

தூத்துக்குடி போன்ற துறைமுக ஊரில் தீயெழுத்தைப் பார்க்க மியூசியம் தேடிப் போக வேண்டியதில்லை. கப்பலில் வந்திறங்கும் மரப்பெட்டிகளிலும் சரக்குப் பலகைகளிலும் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னமும் சில எழுத்துக்களும் இருக்கும். மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்க 2002-இல் ஏற்பட்ட சர்வதேச விதியின்படி இடப்படும் முத்திரை அது. சிலவற்றை மையால் அடிக்கிறார்கள். சிலவற்றைக் காய்ச்சிய இரும்பால் சுடுகிறார்கள். எச்.டி. என்று இருந்தால் மரத்தின் மையம் வரை 56 டிகிரிச் சூட்டை 30 நிமிஷம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எம்.பி. என்று இருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் பதம் செய்தது. பழைய சாமான் கடையில் பலகை பொறுக்குகிற புதியவன் படம் போடுவதற்கு முன் இந்த இரண்டு எழுத்துக்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எம்.பி. பலகை, பாலிஷ் போட்ட பலகை, பசையால் ஒட்டிய பிளைவுட் மூன்றையும் தீயிடம் கொண்டுபோகக் கூடாது. புகை நேரே மூக்குக்குத்தான் வருகிறது.

இந்த ஊரில் இதைக் கற்க ஆசைப்பட்ட சிலரை எனக்குத் தெரியும். அவர்களோடு உட்கார்ந்து நானும் சில பலகைகளைக் கருக்கிப் பார்த்திருக்கிறேன். பற்றவைக்கிற கோலைப் போன்ற ஒரு மின்சாரச் சூட்டுக்கோல், ஒரு பலகை, ஒரு கார்பன் தாள் - இவ்வளவுதான் ஆரம்பச் சொத்து. கார்பன் தாளில்தான் தொல்லை ஆரம்பமாகிறது. பாரதியின் மீசை, பனிமய மாதாவின் முகம், திருச்செந்தூர்க் கோபுரம் இவற்றில் ஒன்றைப் படியெடுத்துக்கொண்டு கோட்டின்மேல் கோலை வைத்து அழுத்துகிறார்கள். மீசை நன்றாக வருகிறது, கன்னம் தீய்ந்துபோகிறது. இரண்டொரு மாதத்தில் கோல் பரணுக்குப் போய்விடுகிறது. 'எனக்குக் கை வராது' என்கிறார்கள். கையின்மேல் இந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

பென்ஸிலில் அழுத்தினால் கறுக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து நமக்கு இருக்கிற பழக்கம் அது. தீயில் கருமை அழுத்தத்தால் வருவதில்லை, நேரத்தால் வருகிறது. ஒரே சூட்டில், கோல் வேகமாக நகர்ந்தால் வைக்கோல் நிறம், நிதானித்தால் பழுப்பு, நின்றால் கரி. அழுத்தினால் பள்ளம்தான் விழும். மரத்தில் முதலில் படுகிற கணத்தில் முனை மிகச் சூடாக இருப்பதால் கோடு தொடங்குமிடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு விழுகிறது. கடற்காகம் நீரைத் தொட்டுப் போவதுபோல, கை நகர்ந்துகொண்டே இறங்கி நகர்ந்துகொண்டே எழ வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் மாதாவின் முகத்தைக் கொடுப்பது, அரிச்சுவடி தெரியாதவனிடம் புராணத்தைக் கொடுப்பது போலத்தான்.

மரமும் வாய் திறந்து பேசுகிற ஒரு கட்சி. எங்கள் வறண்ட பக்கத்தில் வளரும் வெட்பாலை, தந்தம்போல வெளுத்து நுண்ணிய இழையோடு இருக்கும். சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு ஆகி வந்த மரம் அது. கோடு அதில் வழுக்கிக்கொண்டு போகும். பனஞ்சட்டத்திலோ கறுத்த கடின நார்களுக்கு நடுவே மெத்தென்ற சோறு. நாரில் கோல் தடுக்கும், சோற்றில் பொசுக்கென்று இறங்கும். பனை நம் மண்ணின் மரம் என்ற அபிமானம் இங்கே உதவாது. கடற்காற்றும் இடையில் புகுந்துவிடும். அது புகையைக் கொண்டுபோகிறது, முனையையும் குளிரவைக்கிறது. சிறு விசிறியை நமக்கு எதிர்ப்புறம் வைத்து, புகையை அது இழுத்துக்கொள்ளும்படி திருப்பிவிடுவதுதான் வழி.

ஆகவே முதல் பாடம் படமே அல்ல. ஒரு பலகையில் பத்துக் கட்டம் போட்டு, வெளிர்மஞ்சளிலிருந்து கரி வரை படிப்படியாக நிரப்ப வேண்டும். முத்தைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரித்த ஊர் இது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. என்றாலும் தரம் பிரிக்கிற கண் இங்கே புதிதல்ல. பத்துப் பழுப்பையும் நினைத்தபடி வரவழைக்க முடிந்தவனுக்குக் கன்னம் தீயாது.

இப்போது பரிசுக்கடைகளில் லேஸர் இயந்திரம் சில நிமிஷங்களில் போட்டோவை மரத்தில் சுட்டுக் கொடுத்துவிடுகிறது. பிறகு கை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. போட்டோவைப் படியெடுப்பதுதான் நோக்கமென்றால் கை தேவையில்லை. இயந்திரம் ஜெயித்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதே மரியாதை. தவிர, மெல்லிய பழுப்புகள் வெயில்பட்டால் நாளடைவில் வெளுத்துவிடும். முகத்தின் நயமெல்லாம் போய்ப் புருவமும் மீசையும் மிஞ்சும். அழுத்தமான கோட்டை நம்பிய படம் தங்குகிறது. பனைமரத்தின் செதில் தழும்புகளை ஐம்பது சிறு கோடுகளில் போட்ட ஒரு பையனின் பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டிலும் கை எவ்வளவு நேரம் தயங்கியது என்பது எழுதியிருந்தது. நான் பார்த்த மாதாக்கள் எல்லாவற்றையும்விட அதுவே கலை.

ஏட்டில் எழுதியவர்கள் ஆணியால் கீறிவிட்டுப் பிறகு மை தடவினார்கள். கீறலுக்கும் கருமைக்கும் நடுவே ஓர் அவகாசம் இருந்தது. சூட்டுக்கோலில் அந்த அவகாசம் கிடையாது. கோடும் கருமையும் ஒன்றாகவே பிறக்கின்றன, ரப்பர் கிடையாது. எழுத்தில்கூட, அழுத்திச் சொன்னால் ஆழம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் ஒரு மாதம் இந்தக் கோலைப் பிடிக்கலாம். மரத்தை நாம் கருக்குகிறோமா, அது தானாகக் கருகுகிறதா என்ற வித்தியாசம் அரை வினாடியில் இருக்கிறது என்று அது சொல்லிக்கொடுக்கும்.