திருமுகமும் முகநூலும்

தமிழில் கடிதத்திற்கு ஓலை, மடல், முடங்கல் எனப் பல பெயர்கள் உண்டு. பெரியோரிடமிருந்து வரும் கடிதத்தை மட்டும் நம் முன்னோர் 'திருமுகம்' என்று சிறப்பித்து வழங்கினர். அதனால்தான் புனித பவுலின் மடல்களையும் பிற திருத்தூதர்களின் மடல்களையும் நம் விவிலியம் திருமுகங்கள் என்றே குறிக்கிறது. எழுதியவர் தொலைவில் இருப்பினும் எழுத்தினூடே அவர் முகம் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே அமைந்துள்ளது. இன்று நம் திருச்சபைத் தலைவர்கள் முகநூல், இன்ஸ்டகிராம், யூடியூப், வாட்ஸ்அப் எனப் பல வாயில்கள் வழியே மக்களிடம் வருகின்றனர். அங்கே முகங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் எழுதப்படுபவை திருமுகங்கள் ஆகின்றனவா என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினா.

புதிய ஊடகங்களைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது நம் மரபன்று என்பதை முதற்கண் சொல்லிவிட வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்று. அதனைத் தந்த அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களின் மறைப்பணியாளர். 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ், மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலி வழியே உலகிற்கு உரையாற்றினார். 1969இல் மணிலாவில் ஒலிபரப்பைத் தொடங்கிய வேரித்தாஸ் வானொலி பின்னாளில் நம் சிற்றூர்க் குடில்களுக்குள்ளும் தமிழில் ஒலித்தது. 2018இல் அது சிற்றலையை விடுத்து இணையத்திற்கு மாறிற்று.

இவ்வரலாற்றில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒரு கூறு உண்டு. அண்டிரிக் அடிகளார் அச்சுக்கு வருமுன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அக்கடற்கரை மக்களிடையே வாழ்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுத் தமிழ் கற்றவர். வேரித்தாஸின் உயிர்நாடி நேயர்களின் அஞ்சலட்டைகளிலே இருந்தது. மணிலாவில் பேசியவர்கள் நம்மவரின் கிறுக்கல் எழுத்தையும் படித்து மறுமொழி கூறினர். அச்சும் வானொலியும் ஒருவழிக் கருவிகள். ஆயினும் அவற்றைக் கையாண்டோர் அவற்றை இருவழிப் பாதையாக்கினர். இன்றைய சமூக ஊடகமோ இயல்பிலேயே இருவழிப்பட்டது. அதனை நாம் ஒருவழிக் கருவியாக்கிக் கொண்டிருக்கிறோமோ என்பதே நம் கவலை.

மேய்ப்பர் ஒருவரின் செய்தியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? திருமுகங்களே அதனையும் நமக்குத் தருகின்றன. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தைப் பலரும் வெறும் பெயர்ப்பட்டியல் என எண்ணிக் கடந்து செல்வர். தாம் அதுவரை காணாத அந்நகரில் வாழ்ந்த இருபதுக்கும் மேற்பட்டோரைப் பவுல் அங்கே பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ஒருவரின் தாயைத் தம் தாயாகவே நினைவுகூர்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒரு பெரும்பகுதியோ அம்மக்கள் எழுதிக் கேட்டவற்றிற்கு விடையாக அமைந்தது. யோவானின் பெயரால் வழங்கும் இரு சிறு திருமுகங்களின் ஆசிரியர், எழுத வேண்டியவை இன்னும் பல இருந்தும் மையையும் தாளையும் நாடாமல் நேரில் வந்து பேசவே விரும்புவதாகக் கூறி முடிக்கிறார். பெயர் அறிதல், வினாவுக்குச் செவி தருதல், நேர்ச் சந்திப்புக்கு இட்டுச் செல்லுதல் ஆகிய மூன்றுமே ஒரு மடலைத் திருமுகம் ஆக்குகின்றன.

இம்மூன்றையும் மனத்திற்கொண்டு, உலகறிந்த எடுத்துக்காட்டை முதலில் நோக்குவோம். 2012 டிசம்பர் 12 அன்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், புதன் மறைக்கல்வி உரையின் முடிவில் ஒரு கையடக்கத் திரையைத் தொட்டுத் தம் முதல் டுவிட்டர் செய்தியை வெளியிட்டார். அன்று அவர் ஆசி வழங்கியதோடு அமையாமல், மக்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றிற்கு விடையும் அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தொடக்கம் கொரிந்தியத் திருமுகத்தின் சாயலிலே இருந்தது. செய்தி 140 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்ற அன்றைய வரம்பைப் பலர் எள்ளி நகையாடினர். ஏழு சீர்களில் வாழ்வை அளந்த வள்ளுவரின் மொழிக்குரிய நாம் சுருக்கத்தை இகழ இயலாது. அதே ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் பெனடிக்ட் அவர்களும், விவிலிய வசனம் ஒன்றின் அளவே உள்ள சொற்களிலும் ஆழ்ந்த சிந்தனை அடங்கலாம் என்றே கருத்துரைத்திருந்தார்.

பின்னர் வந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் காலத்தில் அக்கணக்கு இலத்தீன் உட்பட ஒன்பது மொழிகளில் 5 கோடிக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. சிரியாவின் அமைதிக்காக 2013 செப்டம்பர் 7 அன்று உலகை நோன்பிருக்க அவர் அழைத்தபோது, அவ்வழைப்பை எல்லை கடந்து பரப்பியதில் அச்சிறு செய்திகளுக்கும் பங்குண்டு. அவை தெளிந்த நடையின, எவரையும் புண்படுத்தாதவை, பெரும்பாலும் அவருடைய மறையுரைகளிலிருந்து தேர்ந்தெடுத்த நறுங்கூற்றுகள். ஆயினும் நம் அளவுகோலின் முன் அவை முழுதும் தேறவில்லை. முதல்நாள் இருந்த கேள்விகளும் விடைகளும் பின்னர் மறைந்தன. அக்கணக்கு வேறு எவரையும் பின்தொடரவில்லை. தன் பிறமொழிக் கணக்குகளை மட்டுமே பின்தொடர்ந்தது. கோடிக்கணக்கானோர் செவிசாய்க்கும் வாய் ஒன்று இருந்தது. அதற்கு இணையான செவி அமையவில்லை. உலகத் திருச்சபையின் தலைவர் ஒவ்வொருவருக்கும் மறுமொழி எழுதுவது ஆகாத காரியம் என்பதை நாம் அறிவோம். அதனால்தான் அவ்வெழுத்தை அறிக்கை என்று போற்றலாம்; திருமுகம் என்று சொல்லத் தயங்குகிறோம்.

இத்தயக்கம் பிரான்சிஸ் அவர்களுக்கே இருந்தது என்பதற்கு 2020ஆம் ஆண்டு சான்று பகரும். மார்ச் 27 மாலை, மழை பெய்துகொண்டிருந்த வெறுமையான புனித பேதுரு வளாகத்தில் அவர் தனித்து நின்று செபித்ததை உலகமே திரைகளில் கண்டு கலங்கியது. நம் இல்லங்களிலும் கைப்பேசிக்கு முன் குடும்பமாய் அமர்ந்து திருப்பலி கண்ட நாள்கள் அவை. மூன்று வாரங்கள் கழிந்து, ஏப்ரல் 17 மறையுரையில் அவரே எச்சரித்தார். மக்களும் அருளடையாளங்களும் இன்றித் திரைவழி மட்டும் நிகழும் திருச்சபை உண்மைத் திருச்சபையின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம். 2002இல் வெளிவந்த 'திருச்சபையும் இணையமும்' என்னும் திருப்பீட ஏடும் இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று தெளிவுபடுத்தியிருந்தது.

இப்பின்னணியில் 2023 மே 28 தேதியிட்டுத் திருப்பீடச் சமூகத் தொடர்புத் துறை வழங்கிய 'முழுமையான உடனிருப்பை நோக்கி' என்னும் மேய்ப்புப்பணிச் சிந்தனை ஏடு நம் கவனத்திற்குரியது. நல்ல சமாரியர் உவமையை அது தன் முதுகெலும்பாகக் கொண்டுள்ளது. எரிகோ சாலையைப் போன்றதே இணையச் சாலையும். அங்கும் அடிபட்டுக் கிடப்போர் உண்டு, விலகிச் செல்வோரும் உண்டு என்று அது விரித்துரைக்கும் பாங்கு நெஞ்சைத் தொடுகிறது. செவிமடுத்தலே உறவின் முதற்படி என்று அது வற்புறுத்துகிறது. ஆயர்களும் பங்குப்பணியாளர்களும் பொதுநிலைத் தலைவர்களுமே சில வேளைகளில் பூசல் வளர்க்கும் மேலோட்டமான பேச்சில் விழுந்துவிடுகின்றனர் என்று அது ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்வது பாராட்டத்தக்கது.

எனினும் அவ்வேட்டில் ஒரு குறை நமக்குப் புலப்படுகிறது. சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். சாவடிக்குப் பணம் கொடுத்தார். திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றார். உவமை அத்துணை நடைமுறையானது. ஏடோ மனநிலைகளைப் பற்றி விரிவாகப் பேசி, நடைமுறையில் மெலிந்துவிடுகிறது. தம் பக்கத்தில் ஒரு தாய் நள்ளிரவில் எழுதிய நாலு வரிப் புலம்பலை ஓர் ஆயர் என்ன செய்வது? அதனை யார் படிப்பது? எத்தனை நாளுக்குள் யார் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவது? இவ்வினாக்களுக்கு விடை ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் கண்டறியப்பட வேண்டியதாகவே எஞ்சி நிற்கிறது.

விடையின் சாயலை நாம் ஏட்டில் காண்பதைவிடப் பிரான்சிஸ் அவர்களின் இறுதிக் காலச் செயலொன்றிலே காண்கிறோம். 2023 அக்டோபரில் போர் மூண்டது முதல், காசாவில் உள்ள திருக்குடும்பப் பங்கினரை அவர் ஏறத்தாழ நாள்தோறும் மாலையில் தொலைபேசியில் அழைத்தார். பங்குத்தந்தையிடமும் அக்கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தோரிடமும் நலம் வினவினார். என்ன உண்டீர்கள் என்று கேட்டார். 2025இன் தொடக்கத்தில் உரோமை மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தபோதும் அவ்வழைப்பு அடியோடு நின்றுவிடவில்லை. ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்வதற்கு இரு நாள்களுக்கு முன்னரும் அங்கே அவர் குரல் ஒலித்தது. 5 கோடிப் பேரைக் கொண்ட கணக்கு ஒருபுறம். சில நூறு பேர் தங்கியிருந்த ஒரு கோவில் வளாகம் மறுபுறம். பழைய தொலைபேசிதான் அங்கே திருமுகமாயிற்று. அது பெயர் அறிந்திருந்தது, விடைக்குக் காத்திருந்தது, நேரில் வர இயலாத ஏக்கத்தைச் சுமந்திருந்தது. இக்கணக்குகளை 2025 மே மாதம் முதல் ஏற்று நடத்தும் திருத்தந்தை 14ஆம் லியோ அவர்களுக்கும், அவரோடு எல்லா ஆயர்களுக்கும் விடப்பட்ட மரபுரிமை இவ்விரண்டுமே எனலாம்.

இனி நம் வீட்டு முற்றத்திற்கு வருவோம். நம் பங்குகளின், மறைமாவட்டங்களின் முகநூல் பக்கங்களைப் புரட்டுவோர் காண்பவை யாவை? கொடியேற்றம், தேர்ப்பவனி, பொன்னாடை, நாடா வெட்டுதல், தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துப் படங்கள். விழா தவறன்று, நம் மக்கள் விழாவை நேசிப்பவர்கள். ஆனால் படத்தின் நடுவே நிற்பவர் எப்போதும் ஒருவராகவே இருந்தால், அது மந்தையின் பக்கமாகுமா, மேய்ப்பரின் பக்கமாகுமா? பல பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களிலோ நிருவாகியர் மட்டுமே எழுத இயலும் என்ற ஏற்பாடு உள்ளது. வீண் செய்திகளைத் தடுக்க அது தேவைப்படலாம். எனில், மக்கள் பேசுவதற்கு வேறொரு வாயிலைத் திறந்து வைக்க வேண்டாவா?

நம்மால் இயலாததன்று இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தாக்கியபோது, குமரிக் கடற்கரைப் பங்குகளில் அருட்பணியாளர்களும் மக்களும் கரை திரும்பாதோரின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டினர். அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் அப்பட்டியல்களுக்கும் வேறுபாடு இருந்தமையால், அப்பெயர்களை முன்வைத்து நியாயம் கேட்கவும் முடிந்தது. அன்று எந்தப் பக்கத்திலும் அழகிய மேற்கோள் எவருக்கும் தேவைப்படவில்லை. உரோமையர் திருமுகத்தின் இறுதி அதிகாரம் போன்றதொரு பெயர்ப்பட்டியலே அன்றைய நற்செய்தியின் எழுத்தாய் இருந்தது.

ஆகவே தலைவர்களிடம் நாம் பணிவுடன் வேண்டுவது அதிகமான செய்திகளை அன்று. வருகின்ற மறுமொழிகளைப் படிக்கவும், உரியவரிடம் சேர்க்கவும், தேவைப்படும் இடத்தில் நேரில் செல்லவும் ஒவ்வொரு மறைமாவட்டமும் பொறுப்பானவர்களை அமர்த்தட்டும். அவர்களுள் பொதுநிலையினரும் பெண்களும் இடம்பெறட்டும். வாரத்தில் ஒரு செய்தியேனும் மக்கள் கேட்ட கேள்விக்கு விடையாக அமையட்டும்.

பொதுநிலையினராகிய நமக்கும் இதில் கடமை உண்டு. ஆயரின் படத்திற்குக் கீழே கூப்பிய கைகளின் குறியை இட்டுவிட்டு நாமும் எளிதாக அகன்றுவிடுகிறோம். வேலையின்றி வாடும் பிள்ளையைப் பற்றியோ, கோவிலில் இன்னும் நிலவும் சாதிப் பாகுபாட்டைப் பற்றியோ, தளர்ந்துவரும் நம் செபத்தைப் பற்றியோ எழுத நமக்குத் துணிவு வருவதில்லை. கொரிந்தியர் எழுதிக் கேட்டிராவிடில் அத்திருமுகத்தின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது.

கலிலேயக் கடற்கரையில் நால்வர் வலைகளை விட்டுவிட்டு ஆண்டவரைப் பின்சென்றனர். திரையில் ஒருவரைப் பின்தொடர நாம் எதனையும் விட வேண்டியதில்லை. ஒரு விரல் போதும். அவ்வளவு எளிதாய்ச் சேர்ந்த கூட்டத்தை மந்தையாக்குவது, ஆடுகளின் பெயரை அறிந்து அவற்றின் குரலுக்குச் செவிசாய்க்கும் ஆயனின் உழைப்பே ஆகும். அவ்வுழைப்பு தொடங்கும் இடத்தில் முகநூலிலும் ஒரு திருமுகம் எழுதப்படும்.