மேலிருந்து பார்க்க வேண்டிய சிப்பி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் முன்கண்ணாடிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். மீனுக்கு அது போதும். பவளத்துக்கும் பெரும்பாலும் போதும். ராட்சதச் சிப்பிக்குப் போதாது. பக்கவாட்டில் பார்க்கும்போது வெறும் பழுப்பாகக் கிடக்கும், மேக்ஸிமா என்ற இனத்துச் சிப்பி ஒன்றை, நீரோட்டப் பம்ப்பை நிறுத்தி, நீர்ப்பரப்பு அசைவடங்கியதும் நேர் மேலிருந்து குனிந்து பாருங்கள். அதே சிப்பி மயில்கழுத்து நீலத்தில் விரிந்திருக்கும். விளிம்பெல்லாம் கரும்புள்ளிகள், நடுவே பொன்னும் பச்சையுமாக நெளிகோடுகள். கடலில் அதைப் பார்ப்பவன் சூரியன்தான், அவன் இருப்பது மேலே. இதைப் புரிந்துகொண்ட வளர்ப்பாளர்கள் சிப்பிக்கென்று உயரம் குறைந்த, அகலமான, மூடியில்லாத தொட்டியைக் கட்டுகிறார்கள். வரவேற்பறையில் அது எடுப்பாக இருக்காது. ரசிக்கத் தெரிந்தவனுக்கு அதுதான் தொட்டி.

இந்த நிறம் வெறும் சாயம் அல்ல. ஓட்டின் இரு பாதிகளுக்கு இடையிலிருந்து வெளியே விரியும் சதைமடலுக்கு மேன்டில் என்று பெயர். அதன் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஒளியைச் சிதறடிக்கும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்கின் தடிமனும் இடைவெளியும்தான் நீலமா, பச்சையா, பொன்னா என்பதை முடிவு செய்கின்றன. கோணம் மாறினால் நிறம் மாறுவதும் அதனால்தான். செல்களுக்குக் கீழே பழுப்பு நுண்பாசிகள் செங்குத்துத் தூண்களாக வரிசை கட்டி நிற்கின்றன. சிப்பியின் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்தப் பாசி வெயிலில் சமைத்துத் தருவது.

அலிசன் ஸ்வீனியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சொன்னது. மேலே உள்ள செல்கள் வெயிலை அப்படியே கீழே விடுவதில்லை. பாசிக்குப் பயன்படும் ஒளியைப் பரப்பி, தூண்களின் பக்கவாட்டுகளிலும் படும்படி உள்ளே அனுப்புகின்றன. அதனால் உச்சியில் இருக்கும் பாசி கருகுவதில்லை, அடியில் இருப்பது பட்டினி கிடப்பதுமில்லை. உதவாத ஒளி மேலே திரும்பி வருகிறது. நாம் வாய்பிளந்து பார்ப்பது சிப்பி வேண்டாம் என்று தள்ளிய மிச்சத்தைத்தான். 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு வெள்ளைத் திட்டுகளைப் பற்றியது. மேக்ஸிமாவின் வெள்ளையை உருப்பெருக்கியில் பார்த்தால் அங்கே வெள்ளைச் செல்லே இல்லை. வெவ்வேறு நிறச் செல்கள் நெருங்கி நின்று, தொலைக்காட்சித் திரையின் புள்ளிகள்போல, தள்ளிப் பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிகின்றன. டெராசா என்ற இன்னொரு இனத்திலோ ஒரே செல்லுக்குள் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. வெள்ளை இரண்டிலும் ஒன்றுதான், அதைக் கட்டிய விதம் வேறு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடைத்தொட்டியில் கண்ணைப் பறிக்கும் நீலத்துக்கு மயங்குவது குறைந்துவிடுகிறது. சந்தையில் விலை அதிகமுள்ள இனங்களில் ஒன்று குரோசியா. இனங்களிலேயே சிறியது, 15 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. கடலில் பாறையைக் குடைந்து அதற்குள்ளேயே பதிந்து வாழும். வெளியே தெரிவது ஒரு நிறக்கீற்று மட்டும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குடைந்த பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும்போது அடிப்பக்கம் காயப்பட்ட குரோசியாக்கள் எத்தனையோ. ஸ்குவாமோசாவுக்கு ஓடே அலங்காரம்: வரிவரியாக எழுந்து நிற்கும் செதில் மடல்கள். அவற்றின் விளிம்பில் சுண்ணாம்பு புதிதாக வெளுத்திருந்தால் சிப்பி வளர்கிறது என்று பொருள். என் தேர்வு டெராசா. வழுவழுப்பான கனத்த ஓடு, நீண்ட வரிகள், ஆரவாரமில்லாத நிறம். முதல் பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றும். நாலு மாதம் பழகியவன் கண்ணை எடுக்க மாட்டான்.

பழகுவது என்று சொன்னது சிப்பிக்கும் பொருந்தும். மேன்டிலின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான கண்கள் இருக்கின்றன. லென்ஸ் இல்லை, ஊசித்துளை மட்டுமே. உருவம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் நிழல் தெரியும். புதிதாக வந்த சிப்பி, நீங்கள் கையை நீட்டியதும் சதையை இழுத்துக்கொண்டு, ஒரு பீச்சு நீரை வெளியேற்றி மூடும். மேலே அடிக்கடி போகிற மீனின் நிழலை நாளடைவில் பொருட்படுத்தாது. ஆனால் கடையில் உங்கள் கையின் நிழல் விழுந்தும் சுருங்காத சிப்பியை வாங்கக் கூடாது, அதற்கு உடல்நிலை சரியில்லை. நிழலுக்குச் சுருங்கி, உடனே மறுபடி ஓட்டின் விளிம்பைத் தாண்டி வழிய விரிகிற சிப்பியே நல்ல சிப்பி. நடுவில் உள்ள நீர் உறிஞ்சும் துவாரம் ஆவென்று பிளந்து கிடந்தாலும் வேண்டாம்.

வளர்ப்பின் கைத்திறன் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் உள்ள துளை வழியாகச் சிப்பி நார் விட்டுப் பாறையைப் பற்றிக்கொள்ளும். அழகாக இல்லை என்று இடம் மாற்றுவதற்காகப் பிடுங்கினால், நாரோடு உள்ளுறுப்பும் கிழிந்து செத்துவிடும். மேக்ஸிமாவையும் குரோசியாவையும் பாறைமேல், வெளிச்சத்தின் கீழ் வைக்கலாம். டெராசாவும் ஸ்குவாமோசாவும் மணலிலேயே உட்காரும். ஒருமுறை வைத்துவிட்டு விட்டுவிட வேண்டும். வெளிச்சம் தாராளமாக வேண்டும். முன்பு மெட்டல் ஹாலைடு விளக்குகள், இப்போது எல்.இ.டி. எதுவானாலும் புதுச் சிப்பிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

அடுத்தது சுண்ணாம்பு. வளரும் சிப்பி நீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளங்களைவிட வேகமாக உறிஞ்சிவிடும். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது வழக்கம். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. பழைய ஜெர்மானிய முறை நமக்கு அந்நியமே இல்லை: நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவது. நீர் பளிங்காக இருக்க வேண்டும் என்று நைட்ரேட்டைச் சுத்தமாகத் துடைத்தெடுப்பவர்கள்தான் தோற்கிறார்கள். உள்ளே இருக்கும் பாசிக்கு நைட்ரஜன் வேண்டும். மீனே இல்லாத தொட்டியைவிட மிதமாக மீன் உள்ள தொட்டியில் சிப்பி செழிக்கும். சதையைக் கொத்தும் ஏஞ்சல் மீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் மட்டும் கூடாது. இரவில் டார்ச் அடித்து ஓட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். அரிசிமணி அளவு வெள்ளை நத்தைகள் தென்பட்டால் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அவை சிப்பியின் சாற்றை உறிஞ்சுகிறவை.

இன்று கடைக்கு வரும் நல்ல சிப்பிகள் பண்ணையில் பிறந்தவை. அதற்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் பசிபிக்கிலுள்ள பலாவ் தீவுகள். தசைக்காக அயல்நாட்டுத் திருட்டுப் படகுகள் பாறைகளைச் சுரண்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்குள்ள கடல்வளர்ப்பு மையத்தில் ஜெரால்டு ஹெஸ்லிங்கா 1980களில் டெராசாவைப் பெருமளவில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். சிப்பி முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு இருபாலும் ஆகும். முதலில் விந்தை விடும், பின்பு கோடிக்கணக்கான முட்டைகளை. பெற்றோர் தம் பாசியைக் குஞ்சுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. ஒவ்வொரு குஞ்சும் நீரிலிருந்து தனக்கான பாசியை விழுங்கி, செரிக்காமல் காப்பாற்றி, சதைக்குள் குடியேற்ற வேண்டும். அங்கே தவறினால் பிழைக்காது. சாப்பாட்டுக்காகவும் பாறைகளில் மீண்டும் நிரப்பவும் தொடங்கிய வேலை அது. உண்ணும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். தொட்டிக்காரர்களோ ஐந்தாறு சென்டிமீட்டரிலேயே வாங்கிக்கொண்டார்கள். பண்ணைகள் நிலைத்ததில் அந்த வியாபாரத்துக்குப் பங்கு உண்டு.

ஓட்டை மட்டும் ரசித்த காலமும் இருந்தது. பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் புனித நீர் வைத்திருக்கும் இரண்டு பெரிய ஓடுகள், வெனிஸ் அரசு பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்கு அளித்த பரிசு. அவற்றைத் தாங்கும் அடிப்பாறையைச் செதுக்கியவர் சிற்பி பிகால். சிற்பம் உயர்ந்ததுதான். இருந்தாலும் அந்த ஓடுகளின் சிறப்பான பகுதி எப்போதோ அழிந்துபோயிற்று என்பதே என் எண்ணம்.

ஜிகாஸ் என்ற பேரினத்தைக் குட்டியாகக் கண்டு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மீட்டரைத் தாண்டி, 200 கிலோவுக்கு மேல் வளரும் உயிர் அது. எந்த வீட்டுத் தொட்டியும் அதற்குப் போதாது. மற்ற இனங்களை வாங்குகிறவர்கள் பண்ணையில் பிறந்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். இந்த இனங்கள் எல்லாமே 1985 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. லட்சத்தீவிலும் அந்தமானிலும் வாழும் நம் சிப்பிகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.