பூனைக் காதுப் படம்: ஒரு சின்ன விமர்சனம்

பூனை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கும். வரிசையாகப் பூனைத் தலைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல். காது நிமிர்ந்தால் 'உற்சாகம்', பக்கவாட்டில் சாய்ந்தால் 'கோபம்', தலையோடு ஒட்டினால் 'பயம்'. பார்க்க அழகா இருக்கு, மனசுலயும் நிக்குது. ஆனா இதை நம்பி ஒரு பூனையோட பழகலாமா?

படம் சொல்வதில் பாதி சரிதான். உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872-ல் எழுதிய நூலில் டார்வின் இதைக் காரணத்தோடு விளக்குகிறார். பல்லால் சண்டை போடும் விலங்குகள், எதிரி கவ்விவிடாதபடி காதைப் பின்னுக்கு மடக்கிக்கொள்கின்றன. அந்தப் பழக்கம்தான் கோபத்தின் அடையாளமாக நின்றுவிட்டது என்பது அவர் வாதம். வாட்ஸ்அப் படத்தில் இந்தக் காரணம் விழுந்துவிட்டது, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதனால் வரும் முதல் குழப்பம், சத்தம். காது கேட்பதற்கான உறுப்பு. பூனைக்கு இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். எங்கள் மேனாம்பேட்டில் மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பாருங்கள். ஒரு காது மீன்காரர் குரலுக்கு, இன்னொன்று அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகும் லாரிக்கு. படத்தின்படி அதற்குப் பாதி உற்சாகம், பாதி கோபம்!

இரண்டாவது குழப்பம் ஆபத்தானது: வலி. மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பூனை முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிட ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலையின் நிலை என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 10-க்கு 4 வந்தாலே வலி மருந்து பற்றி யோசிக்க வேண்டும். காது தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் 2. வாட்ஸ்அப் படம் 'கோபம்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே காதைத்தான்.

மூத்திரம் அடைத்துக்கொண்ட ஆண் பூனை ஒன்று, காதைச் சாய்த்தபடி மூலையில் முடங்கியிருக்கிறது என்று வையுங்கள். "கோவமா இருக்கு, தனியா விடு" என்று வீட்டில் எல்லாரும் விலகிப்போவார்கள். அந்த அடைப்பில் ஒன்றிரண்டு நாள் தாமதமே உயிரைக் கொண்டுபோய்விடும்.

மான்ட்ரியல் முறையில் காதை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. பூனை விழித்து, சும்மா இருக்கும்போது அரை நிமிடம் தள்ளி நின்று பார்க்கிறார்கள். சாப்பிடும்போதோ நக்கிக்கொள்ளும்போதோ கத்தும்போதோ மதிப்பெண் போடுவதில்லை. அந்தப் பொறுமைக்குப் படத்தில் இடமே இல்லை.

படத்தை அழிக்க வேண்டாம். ஒற்றைச் சொல்லுக்குப் பதிலா மூணு கேள்வி போட்டா போதும். இப்போ என்ன சத்தம்? எதிரே யார்? சாப்பாடும் மூத்திரமும் வழக்கம்போல் இருக்கா? சத்தமும் இல்லை, எதிரே யாரும் இல்லை, காது மட்டும் சாய்ந்தே இருந்தால் மூன்றாவது கேள்விக்கு உடனே விடை தேடுங்கள். அதற்கும் பதில் 'இல்லை' என்றால் அன்றைக்கே பக்கத்து கால்நடை மருத்துவரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தூக்கிப் போங்கள்.