ஒலியும் படவில்லையும்: மயங்கொலிப் பாடம் ஒன்றை முன்வைத்து

மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கிய 2003-ஆம் ஆண்டில் அப்பாட ஆசிரியர்களுக்கென மடிக்கணினியும் எல்.சி.டி. படவீழ்த்தியும் வழங்கப்பட்டன. அக்கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. படவில்லைவழிக் கற்பித்தலோ தமிழ்மொழி வகுப்பிலும் நிலைபெற்றுவிட்டது.

செலாயாங் வட்டாரப் பள்ளியொன்றில் இக்கட்டுரையாளர் அண்மையில் பார்வையிட்ட மயங்கொலிப் பாடத்தில், ஒவ்வொரு வரியும் கைதட்டல் ஓசையுடன் திரையில் நுழைந்தது. அவ்வரியையே பதிவுசெய்த குரல் மீண்டும் வாசித்தது. படத்திற்கு ஒலிவிளக்கம் இருக்கையில் அதே சொற்களை எழுத்திலும் காட்டுதல் கற்றலைக் குறைக்கும் என்பது ரிச்சர்டு மேயர் பல்லூடகக் கற்றல் பற்றிய தம் நூலில் (2001) கண்ட முடிவு. எனினும் அதனை மொழி வகுப்பிற்கு அப்படியே பொருத்துதல் தகாது. இங்கு ஒலியே பாடப்பொருள். வருந்தத்தக்கது யாதெனில், வலி, வழி, வளி ஆகிய மூன்று சொற்களுக்கு மட்டும் அப்படவில்லைகளில் ஒலிப்பதிவே இல்லை. கைதட்டலுக்குக் கிடைத்த இடம் ழகரத்திற்குக் கிடைக்கவில்லை.

தொல்காப்பியப் பிறப்பியல் ழகரத்தை லகர ளகரங்களோடு வைக்காமல் ரகரத்தோடு சேர்த்து, நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பதாகக் கூறுகிறது. இவ்வசைவைக் காட்டப் படம் வேண்டும்; வேறுபாட்டை உணர்த்தக் குரல் வேண்டும். ஆசிரியர் தம் குரலிலேயே மூன்று சொற்களையும் பதிவுசெய்து, வெற்றுத் திரையில் முதலில் ஒலிக்கவிட்டு, மாணவர் எழுதிய பின்னரே எழுத்தைக் காட்டலாம்.