தஞ்சாவூரில் கிளம்பியவர்கள், கிராஞ்சியில் பெயரானவர்கள்

சிங்கப்பூர் போகும் நம்ம ஊர்க்காரர்கள் லிட்டில் இந்தியா, முஸ்தபா, செந்தோசா என்று முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிராஞ்சி போர் நினைவகம் யார் பட்டியலிலும் இருப்பதில்லை. கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கினால் பொடிநடை தூரம்தான். தஞ்சாவூர்க்காரர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே நம்ம ஊர் விமானத்தளத்தின் கதையில் பாதி கிடக்கிறது.

முதலில் அந்தக் கதை. பிரிட்டிஷ் வான்படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் போருக்கு முன்பே சிங்கப்பூரில் இருந்த படை. கையில் இருந்ததோ வில்டபீஸ்ட் என்ற இரட்டை இறக்கை டார்பிடோ விமானம். 1942 ஜனவரி 26 அன்று, மலாயாவின் எண்டாவ் கரையில் ஜப்பானியர் இறங்கியபோது, பட்டப்பகலில் அதையே அனுப்பினார்கள். 36, 100 ஆகிய இரு ஸ்குவாட்ரன்களிலிருந்து முதல் அலையில் போன 12 விமானங்களில் 5 திரும்பவில்லை. அன்றைக்கே இரண்டாவது அலையும் போய் அடிவாங்கியது. மிஞ்சியவர்கள் ஜாவாவுக்குப் பின்வாங்க, மார்ச்சில் ஜாவாவும் விழுந்தது. ஸ்குவாட்ரன் அத்தோடு முடிந்தது.

அதே எண்ணில் அந்த ஸ்குவாட்ரன் மறுபடி உயிர்பெற்ற இடம் எது தெரியுமா? தஞ்சாவூர். 1942 அக்டோபரில் வெலிங்டன் விமானங்களுடன் இங்கே திரும்ப அமைக்கப்பட்டு, வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்து வேலை பார்த்தது. 1943 ஜூனில் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டது.

இனி நினைவகம். வடிவமைத்தவர் காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ். 1957 மார்ச் 2 அன்று ஆளுநர் ராபர்ட் பிளாக் திறந்து வைத்தார். குன்றின் சரிவில் 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள். உச்சியில் வரிசையாகச் சுவர்கள், மேலே தட்டையான ஒரு கூரை. சுவர்கள் அணிவகுக்கும் தரைப்படை, கூரை விமானத்தின் இறக்கை, நடுவில் எழும் கோபுரம் நீர்மூழ்கியின் மேற்கூண்டு என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு இந்த விளக்கத்தைவிட அங்கே நிற்கும் அனுபவம் முக்கியமாகப் படுகிறது. இறக்கையின் வேலை அங்கே நிழல் தருவது மட்டுமே. கண் நேராகப் பெயர்களுக்குத்தான் போகும்.

பழைய போர் விமானத்துக்குப் பெயின்ட் அடித்து ரவுண்டானாவில் மேடை கட்டி நிறுத்துவது நம் நாட்டில் பழகிப்போன விஷயம். நல்லதுதான், பசங்க செல்ஃபி எடுப்பாங்க. ஆனால் அது இயந்திரத்துக்கான நினைவுச்சின்னம். அதில் பறந்தவர் யார், கீழே நின்று பழுது பார்த்தவர் யார் என்று அது சொல்வதில்லை. கிராஞ்சியில் இருப்பது 24,000க்கும் அதிகமான பெயர்கள், எல்லாமே கல்லறை தெரியாதவர்களுடையவை. வழக்கமான ஈமச்சடங்குகூடக் கிடைக்காமல் போனவர்கள் என்று அங்குள்ள வாசகமே ஒப்புக்கொள்கிறது. கடலில் விழுந்த விமானியின் குடும்பத்துக்குப் பூ வைக்க ஒரு இடம் கிடையாது. அந்த இடமாக இருக்க வேண்டியது அந்தச் சுவர். இந்த அடிப்படை வேலையை கிராஞ்சி ஒழுங்காகச் செய்கிறது.

குறை எங்கே? என் தொழில் புத்தியில் சொல்கிறேன்: இண்டெக்ஸில். சுவரில் வான்படையினர் எந்தப் படை, என்ன பதவி என்ற கணக்கில் வருகிறார்கள். ஸ்குவாட்ரன் எண் கிடையாது, கிளம்பிய தளமும் கிடையாது. தெற்கு, கிழக்கு ஆசியாவின் வானிலும் அதைச் சுற்றிய கடல்களிலும் தொலைந்த விமானப்படையினருக்கெல்லாம் இதுதான் சுவர். ஆக, தஞ்சாவூரில் காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பி வங்கக் கடலில் காணாமல் போன ஒருவர் இருந்தால், அவர் பெயரும் இங்கேதான் இருக்கும். உடல் கிடைத்து உள்ளூரில் புதைக்கப்பட்டவர் என்றால் நந்தம்பாக்கத்தில் தேட வேண்டும். தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த பல கல்லறைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். கல்லறைகளைப் பராமரிக்க வசதி. ஆனால் இரண்டு ஏற்பாட்டிலும் தஞ்சாவூர் என்ற ஊர் ரெக்கார்டிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறது. டேட்டா இருக்கிறது, இணைக்கும் கீ இல்லை.

"வெள்ளைக்காரன் படைக்கு நாம ஏன் சார் வருத்தப்படணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்றவர்களைச் சிறையில் அடைத்த அரசு அது. அதே 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா நான்கிலும் ஜப்பானியக் குண்டு விழுந்தது, மதராஸே காலியானது. நம்ம கரைக்கு எதிரே ரோந்து போனவர்கள் அந்தப் பையன்கள். இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்கத் தேவையில்லை.

இன்றைக்கு அதே தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் 222ஆம் ஸ்குவாட்ரனின் சுகோய் 30 நிற்கிறது. வயலில் நடவு நடக்கும்போது தலைக்கு மேல் அந்தச் சத்தம் போகும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், பழகிவிட்டது. தளத்துக்குள் பொதுஜனம் போக முடியாது. அதனால் வெளியே, பஸ்ஸுக்கு நிற்பவர் படிக்கும் உயரத்தில், தமிழில் ஒரு கல் வேண்டும். மேலே விமானம் வேண்டாம். இங்கிருந்து பறந்து திரும்பாதவர்களின் பெயர், தேதி, அந்தப் பெயர் இப்போது எந்த ஊர்ச் சுவரில் இருக்கிறது என்ற விவரம், இவ்வளவு போதும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். 36ஆம் ஸ்குவாட்ரன், 1942 அக்டோபர் முதல் 1943 ஜூன் வரை என்று வடிகட்டினால் வேலையைத் தொடங்கிவிடலாம். நான் தொடங்கியிருக்கிறேன். கைகொடுக்க விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், பிரித்துக்கொள்வோம்.