மேடு தெரிகிறது, பள்ளம் தெரியவில்லை

நில அளவை வரைபடத்தை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. ஆனால் அதுவும் ஒரு பிரதிதான். எழுதியவன் எங்கே நின்று எழுதினான் என்று அதனிடமும் கேட்க வேண்டும்.

1802இல் லாம்ப்டன் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவைக்கு உயரமான இடங்கள் வேண்டும். தஞ்சைச் சமவெளியில் குன்று கிடையாது. தோப்புகள் வேறு மறைக்கும். கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைக் கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் கருவி சுவரில் மோதி நசுங்கியது. வரலாறு எழுதுகிறவர்கள் இதை ரசித்துச் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. வெள்ளைக்காரனின் கருவி ஏறிப் போன கோயிலுக்குள் நம்ம ஆட்கள் கால் வைக்க முடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8இல். கருவிக்கும் மனிதனுக்கும் நடுவே 131 வருஷம்!

மதுரையைக் காட்டும் தாள் 58 கே/1. யானைமலை, நாகமலை, வைகை, கண்மாய், கரை எல்லாம் துல்லியம். குறை சொல்ல முடியாது. குறியீட்டுப் பட்டியலில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கல்லறை எல்லாவற்றுக்கும் குறி உண்டு. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடுகிற கோட்டுக்குக் குறி கிடையாது.

1:50,000 தாளில் சம உயரக் கோடு வழக்கமாக 20 மீட்டருக்கு ஒன்று. ஊரு மேட்டுல, சேரி பள்ளத்துல. வித்தியாசம் ரெண்டு மூணு அடிதான். அந்த ரெண்டு அடியில்தான் மழைத்தண்ணி யார் வீட்டுக்குள் முதலில் வரும் என்பது தீர்மானமாகிறது. இரண்டு கோடுகளுக்கு இடையில் சாதி சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது. அளந்தவன் பொய் சொல்லவில்லை. எதை அளக்கத் தேவையில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டான்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் எழுப்பிய தீண்டாமைச் சுவர் ஏறத்தாழ 600 மீட்டர். இந்த அளவில் வரைந்தால் 1.2 சென்டிமீட்டர் வரும். 2008 மே 6இல் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். பாதை திறக்க அத்தனை போராட்டம் வேண்டியிருந்த ஒன்றை, குண்டூசி நீளத்துக்குக்கூட அந்தப் பட்டியல் அறியாது.

அதற்காக வரைபடத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எந்த ஓடை தூர்ந்தது, எந்த வழி மறைந்தது என்று பழைய தாளும் புதிய தாளும் பக்கத்தில் வைத்தால் தெரியும், வழக்குக்கும் உதவும். மீதியை நாம்தான் வரைய வேண்டும். எந்த மழைக்கு எந்த வாசப்படி வரைக்கும் தண்ணி ஏறியது என்று நம் கிழவிகளிடம் கேளுங்கள். அடி அடியாகச் சொல்வார்கள். அதை எழுதி வைப்போம்.