16-வது லைட் கேவல்ரி வரலாறு: விடுபட்ட சம்பளக் கணக்கு

16-வது லைட் கேவல்ரியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றனர். ஆற்காடு நவாபின் குதிரைப்படையாகத் தோற்றம், 1781 சோளிங்கர்ப் போர், ஸ்ரீரங்கப்பட்டணம், இரண்டாம் உலகப்போரில் குதிரைக்குப் பதில் கவச வண்டி, 1945-இல் பர்மாவின் மெய்க்டிலா, 1965-இல் சியால்கோட் களத்தில் செஞ்சூரியன் டாங்கி. மாறிய பெயர்களையும் பணிகளையும் நன்றாகவே தொகுக்கிறார்கள். ஆனால் குதிரைக்குக் கொள்ளும் வீரருக்குச் சம்பளமும் எங்கிருந்து வரவேண்டியிருந்தது? தஞ்சாவூர்க்காரர்களாவது இதைக் கேட்க வேண்டும்.

நவாப் முகமது அலி 1773-இல் கும்பினிப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்து, மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். நவாபின் கடனுக்குக் காவிரிப் படுகையின் நெல்லே ஈடாயிற்று. பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர் வயலில் நின்ற விளைச்சலின் மீதே உரிமை கோரினார். 1776-இல் ஆளுநர் பிகட் நாட்டைத் துளஜாவிடம் திருப்பித் தந்தார். சில மாதங்களில் தம் ஆலோசனைச் சபையினராலேயே சிறைப்பட்டார். இப்படைப்பிரிவின் பிறப்பாண்டாக வழக்கமாகக் குறிக்கப்படுவதும் அதே 1776தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், 1784-இல் ஆரணியில் குதிரைப்படையினர் சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தது விளங்கும். அதை வெறும் ஒழுங்கீனம் என்று தள்ளுவது நியாயமன்று.

சோளிங்கர் இன்றும் படைப்பிரிவின் போர்ச் சிறப்புகளில் ஒன்று. அதே 1781-இல் ஐதரலியின் குதிரைவீரர்கள் தஞ்சைச் சீமையைச் சூறையாடினர். இங்கே அதற்கு 'ஐதர் கலாபம்' என்று பெயர். சோளிங்கரைக் குறிப்பிடும் கட்டுரைகளில் அதற்கும் ஒரு வரி சேர்க்கலாம்.